எண்பது ரூபாய்ப் பள்ளிக்கூடம்

1943ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், யுத்தத்தின் நிழலும் பஞ்சத்தின் அறிகுறிகளும் வங்காளத்தின்மீது ஒருசேரக் கவிந்து நின்ற சமயத்தில், கல்கத்தாவில் ஆங்கிலேயர் நடத்திவந்த டி. ஜே. கீமர் என்னும் விளம்பர நிறுவனத்தில், இருபத்திரண்டு வயது நிரம்பும் தறுவாயில் இருந்த நெட்டையான இளைஞர் ஒருவர் மாதம் 80 ரூபாய்ச் சம்பளத்துக்கு உத்தியோகத்தில் அமர்ந்தார். பதவியின் பெயர் ஜூனியர் விஷுவலைசர். ஒரு விளம்பரத்தில் படம் எங்கே நிற்கவேண்டும், தலைப்பு எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும், வாசகம் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டும், எவ்வளவு இடத்தை ஒன்றும் எழுதாமல் வெறுமையாக விட்டுவைக்கவேண்டும் என்பனவற்றையெல்லாம் முதலில் மனத்தில் கண்டு, பிறகு காகிதத்தில் கோடிட்டுக் காட்டுகிறவர்களின் வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்கு அந்தப் பெயர். அந்த இளைஞர்தாம் சத்யஜித் ராய்.

திரைப்பட மேதையாக அவரை உலகம் அறியும். தமிழ் வாசகர்களும் நன்றாகவே அறிவார்கள். ஆனால் எழுத்தைச் சித்திரமாகவும் சித்திரத்தைச் செய்தியாகவும் ஆக்குகின்ற கலையில், இன்று நாம் கிராஃபிக் டிசைன் என்று வழங்குகின்ற அந்த வித்தையில், இந்த நாட்டின் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர்களில் அவர் ஒருவர் என்பதும், அந்த வித்தை அவருக்கு எந்தக் கலாசாலையின் பட்டத்தோடும் வராமல், மருந்துக்கும் புத்தகத்துக்கும் விளம்பரம் வரைந்த அலுவலக மேஜையில் நாளுக்கு நாள் கைவந்தது என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. வேலைக்காகச் செய்த விளம்பரங்களே ஒருவருக்கு ஆசானாக அமையக்கூடும் என்ற உண்மைக்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இந்த உண்மை நம் காலத்துக்கு மிகவும் வேண்டியதாக இருக்கிறது. இன்றைக்குப் பள்ளியிலும் வங்கியிலும் மருத்துவமனையிலும் தொண்டு நிறுவனத்திலும், ‘உனக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியுமே, ஆண்டு விழாவுக்கு ஒரு நோட்டீஸ் போட்டுக் கொடு’ என்று யாரோ ஒருவரிடம் சொல்லப்படுகிறது. அவரும், தமக்குரிய வேலைகளுக்கு நடுவே, கைக்குக் கிடைத்த எழுத்துருக்களையும் வர்ணங்களையும் கொண்டு ஏதோ ஒன்றைச் செய்து கொடுக்கிறார். அப்படித் தற்செயலாகத் தம்மேல் வந்து விழுந்த வேலையை உபத்திரவமாக நினைப்பவர்கள் பலர். அதற்குள் ஒரு சிக்ஷை மறைந்திருக்கிறது என்று உணர்பவர்கள் சிலர். அந்தச் சிலரைப் பலராக ஆக்கமுடியுமா என்ற ஆசையினாலேயே இந்தப் பழைய வரலாற்றை எடுத்துக்கொண்டேன்.

வேலையின் தேவையே வித்தையைக் கற்றுக்கொடுப்பது என்பது ராயின் குடும்பத்துக்குப் புதிதன்று. அவருடைய பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, குழந்தைகளுக்காக ராமாயணக் கதையை வங்க மொழியில் எழுதி, அதற்குத் தாமே படங்களும் வரைந்தார். புத்தகம் அச்சாகி வந்தபோது, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட அந்தப் படங்கள் மூலத்தின் உயிரை இழந்து கிடந்ததைக் கண்டு அவர் மனம் வருந்தியது. வருந்தியதோடு நிற்காமல், புகைப்பட முறையில் பிளாக் செய்யும் ஆஃப்டோன் வித்தையைப் புத்தகங்களின் துணைகொண்டே பயின்று, சீமையிலிருந்து கருவிகளை வரவழைத்து, சொந்தமாகவே ஆராய்ந்து, லண்டனிலிருந்து வெளிவந்த பென்ரோஸ் ஆண்டு மலரில் அத்துறை நிபுணர்களுக்கே பாடம் சொல்லும் கட்டுரைகளை எழுதும் நிலைக்கு அவர் உயர்ந்தார். ‘யு. ராய் அண்ட் ஸன்ஸ்’ என்ற அச்சுக்கூடம் அவர் தொடங்கியது. 1913இல் ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் பத்திரிகையையும் அவர் தொடங்கினார். மகன் சுகுமார் ராய் இங்கிலாந்து சென்று அச்சுத்தொழிலை முறையாகக் கற்றுத் திரும்பினார். ஆயினும் விதி வேறுவிதமாக இருந்தது. சத்யஜித்துக்கு மூன்று வயது நிறையுமுன், 1923இல், சுகுமார் காலமானார். சில ஆண்டுகளில் அச்சுக்கூடமும் கடனில் மூழ்கிக் கைமாறிற்று. பேரனுக்குப் பிதுரார்ஜிதமாக மிஞ்சியது, குழந்தைப் பிராயத்தில் அந்த அச்சுக்கூடத்தில் சுற்றித் திரிந்தபோது நாசியில் ஏறிய டர்பன்டைன் வாசனையும், அச்சுக்குப் போகும் படம் எப்படி உருவாகிறது என்ற மங்கலான ஞாபகமும்தான்.

பிரெசிடென்ஸி கல்லூரியில் பொருளாதாரம் படித்துத் தேறிய பிறகு, தாயாரின் விருப்பத்துக்கு இணங்கி 1940இல் அவர் சாந்திநிகேதனத்துக்குச் சென்றார். அங்கே கலாபவனத்தில் நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி ஆகிய இருபெரும் ஆசிரியர்களிடம், ஒரு கோட்டை எங்கே அழுத்தவேண்டும், எங்கே தளர்த்தவேண்டும் என்பதையும், கீழைத்தேசத்துத் தூரிகையின் மரியாதையையும் கற்றுக்கொண்டார். அஜந்தா, எல்லோரா முதலிய இடங்களுக்குச் சென்று பார்த்தார். ஆனாலும் ஓவியராக வாழ்வது தம்முடைய மார்க்கமன்று என்பது அவருக்கு ஆரம்பம் முதலே தெரிந்திருந்தது. வர்த்தக ஓவியத்துக்கென்று தனிப்பாடம் அங்கே இருக்கவில்லை. ஐந்தாண்டுப் படிப்பை முடிக்காமலே, கல்கத்தாவின்மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்த 1942 டிசம்பரில், அவர் வீடு திரும்பினார்.

சாந்திநிகேதனம் அவருக்குக் கண்ணைக் கொடுத்தது; அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் பார்க்கத் தெரிந்த கண் வேறு. பிறருடைய தேவைக்காக, குறித்த அளவுக்குள், குறித்த நாளுக்குள், குறித்த செலவுக்குள் ஒன்றைச் செய்து முடிக்கத் தெரிந்த கை வேறு. அந்தக் கையைக் கொடுத்தது கீமர் அலுவலகம்.

அந்தக் காலத்து விளம்பர அலுவலகத்தில் ஒரு வேலை எப்படி நடந்தது என்பதைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். கல்வி நிகழ்ந்த இடம் அதுவேயாதலால். மருந்துக் கம்பெனியோ சிகரெட்டுக் கம்பெனியோ பத்திரிகையில் இத்தனை பத்தி அகலம், இத்தனை அங்குல உயரம் என்று இடத்தை விலைக்கு வாங்கிவிடும். அதற்கான வாசகத்தை எழுதுகிறவர் எழுதிக் கொடுப்பார். விஷுவலைசர் அதைப் படித்துவிட்டு, உள்ளங்கை அளவான சிறு சிறு கட்டங்களில் பென்சிலால் பலவிதமான அமைப்புகளைப் போட்டுப் பார்த்து, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, உண்மை அளவில் வரைந்து காட்டுவார். கம்பெனிக்காரர் ஒப்புக்கொண்டபின் படம் மையில் தீட்டப்படும். தலைப்பு எழுத்து பெரும்பாலும் கையாலேயே எழுதப்படும். பிறகு பிளாக் தயாராகும். பிறகே புரூஃப் வரும். அந்தப் புரூஃப் வந்து மேஜையில் விழும் கணம் இருக்கிறதே, அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் எந்தக் கல்லூரியிலும் கிடையாது. மூலப் படத்தில் மென்மையாக இருந்த நிழல், மட்டமான நியூஸ்பிரிண்டு காகிதத்தில் ஆஃப்டோன் புள்ளிகள் அடைந்துபோய் வெறுங்கறையாக நிற்கும். மயிரிழையாக இழுத்த கோடு அச்சில் அறுந்து காணாமல் போகும். அழகுக்காக நெருக்கி எழுதிய எழுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படிக்கமுடியாமல் கிடக்கும். எந்தக் கோடு தாங்கும், எந்தக் கோடு தாங்காது. எங்கே கறுப்பு வேண்டும், எங்கே காகிதத்தின் வெண்மையே போதும். ஒரு வர்ணத்துக்குமேல் செலவு செய்ய இயலாதபோது அந்த ஒன்றைக்கொண்டு இரண்டின் பயனை எப்படிப் பெறுவது என்பவையெல்லாம் அந்தப் புரூஃப்புகளினால் கிடைக்கின்ற ஞானம்.

இன்னொரு பாடமும் உண்டு. தனக்காக வரைகின்ற ஓவியன் தன் மனம் திருப்தியடைந்தால் தூரிகையைக் கீழே வைத்துவிடலாம். விளம்பரம் வரைகிறவனோ, அவசரமாகப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டு போகிற, விளம்பரத்தைப் பார்க்கவேண்டும் என்ற எண்ணமே இல்லாத ஒரு மனிதனை நிறுத்தி, ஒரு விஷயத்தைச் சொல்லி அனுப்பவேண்டும். ஆகவே எது முக்கியம், எது அதற்கு அடுத்தது, எது இல்லாவிட்டாலும் குற்றமில்லை என்று பிரித்தறியும் விவேகம் அவனுக்கு வந்தே தீரவேண்டியிருக்கிறது. சாதாரணமான கல்யாணப் பத்திரிகையையோ கூட்ட நோட்டீஸையோ எடுத்துப் பார்த்தால் எல்லா வரிகளும் ஒரே குரலில் கூவுவதைக் காண்கிறோம்; அதைச் செய்தவருக்கு எழுத்துருக்கள் போதாமல் போகவில்லை, எதை அடக்கிச் சொல்வது என்ற இந்த விவேகந்தான் போதவில்லை.

கீமரில் ராய்க்கு வாய்த்த சகவாசமும் நல்லது. கலைப்பிரிவில் மூத்தவராக இருந்த அன்னதா முன்ஷி, மேல்நாட்டு விளம்பரங்களை நகலெடுப்பதை விட்டு, வங்காளத்துக் கோலங்களிலும் நாட்டுப்புறச் சித்திரங்களிலும் காணப்படும் ரேகைகளை விளம்பரத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். சாந்திநிகேதனத்தில் கண்டவற்றுக்கு விளம்பரத்தில் இடமுண்டு என்பதை ராய் அங்கே பக்கத்து மேஜையிலேயே பார்த்தார். பாலுட்ரின் என்ற மலேரியா மருந்துக்கு அவர் செய்த விளம்பரங்கள் இன்றும் அவரைப் பற்றிய நூல்களில் எடுத்துக் காட்டப்படுகின்றன. வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்களுக்கு அதிகச் சம்பளமும் இந்தியர்களுக்குக் குறைந்த சம்பளமும் என்ற பேதம் அந்த அலுவலகத்தில் கசப்பை உண்டாக்கியிருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கசப்பை வேலையின்மீது அவர் காட்டவில்லை.

அதே நிறுவனத்தில் உயர்ந்த பொறுப்பில் இருந்த டி. கே. குப்தா, அதே 1943ஆம் ஆண்டில், சிக்னெட் பிரஸ் என்ற புத்தகப் பிரசுராலயத்தைத் தொடங்கினார். ராயின் வாழ்க்கையில் இது ஒரு மகா பாக்கியம். அட்டைகளை வரையும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்த குப்தா, எப்படி வரையவேண்டும் என்பதில் அவருக்குப் பூரண சுதந்தரமும் கொடுத்தார். பகலில் கம்பெனிகளுக்காகக் கற்றுக்கொண்ட சிக்கனமும் தெளிவும், தாமே தீர்மானிக்கக்கூடிய ஒரு பரப்பில் வந்து பலித்தன. 1946இல் சிக்னெட் வெளியிட்ட நேருவின் ‘டிஸ்கவரி ஆஃப் இண்டியா’ நூலுக்கு அட்டை அமைத்தவர் அவரே. ஜீபனானந்த தாஸின் ‘வனலதா சென்’ முதலிய கவிதை நூல்களுக்கும் அவர் செய்த அட்டைகள், வங்காளத்தில் புத்தகத்தின் முகம் எப்படி இருக்கவேண்டும் என்ற எண்ணத்தையே மாற்றிவிட்டன என்று சொன்னால் அது மிகையாகாது.

அவற்றுள் இரண்டை எடுத்துக்கொண்டு சொன்னால் விஷயம் விளங்கும். அசிந்த்ய குமார் சென்குப்தா ஸ்ரீ ராமகிருஷ்ணரைப் பற்றி எழுதிய ‘பரமபுருஷ ஸ்ரீ ஸ்ரீ ராமகிருஷ்ண’ என்ற நூலுக்குப் பரமஹம்சரின் உருவத்தை வரைந்துவிடுவது எவருக்கும் தோன்றக்கூடியது. ராயோ, பக்தர்கள் தோளில் போர்த்திக்கொள்ளும், தெய்வ நாமங்கள் வரிவரியாக அச்சிட்ட நாமாவளித் துணியை நினைத்துக்கொண்டு, நூலின் பெயரையே அந்தத் துணியின் எழுத்தாக்கிவிட்டார். புத்தகத்தைக் கையில் எடுப்பவனுக்கு, ஒரு வார்த்தை படிக்குமுன்பே பக்தியின் சூழ்நிலை கிட்டிவிடுகிறது. மற்றொன்று, ஜிம் கார்பெட்டின் குமாவுன் ஆட்கொல்லிப் புலிகளைப் பற்றிய நூலின் வங்க மொழிபெயர்ப்பு. அதற்குப் புலியின் உருவத்தை வரையாமல், முன்னட்டையிலிருந்து பின்னட்டை வரையில் புலித்தோலையே விரித்து, குண்டு நுழைந்த இடத்தில் சிறிய துவாரமும் வெளிப்பட்ட இடத்தில் பெரிய துவாரமுமாக வைத்தார். அட்டை என்பது முன்பக்கம் மட்டுமன்று, புத்தகத்தைச் சுற்றிப் போர்த்திய ஒரே காகிதம் என்பதைத் தொழில்முறையில் அறிந்தவனுக்கன்றி இந்தக் கற்பனை உதித்திருக்காது. அச்சகத்தில் அட்டைக் காகிதம் மடிக்கப்படுமுன் முழுத் தாளாக விரிந்து கிடப்பதைப் பார்த்த கண்ணுக்கே இது தோன்றும்.

விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ நாவலைச் சிறுவர்களுக்காகச் சுருக்கி ‘ஆம் ஆந்திர் பேன்பு’ என்ற பெயரில் சிக்னெட் வெளியிட்டபோது, படங்களும் அட்டையும் ராயின் பொறுப்பாயின. மரச்செதுக்கின் சாயலில், கறுப்பும் வெள்ளையுமாக, கதையில் வரும் கிராமத்தையும் குழந்தைகளையும் அவர் வரைந்தார். இந்தக் கதையைப் படமாக எடுத்தால் நன்றாக இருக்கும் என்று குப்தா அப்போதே சொன்னார். விளம்பர அலுவலகத்தின் வழியாக வந்த ஒரு புத்தகப் பணிதான், பின்னர் உலக சினிமாவின் போக்கையே பாதித்த ஒரு படத்தின் வித்து. 1950இல் கீமர் நிறுவனம் அவரை லண்டன் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கே தங்கிய மாதங்களில் அவர் ‘பைசிக்கிள் தீவ்ஸ்’ முதலிய எத்தனையோ படங்களைப் பார்த்தார். கப்பலில் திரும்பி வரும்போதே ‘பதேர் பாஞ்சாலி’யின் வரைவைத் தொடங்கிவிட்டார். அந்தப் படத்துக்கு முழுமையான திரைக்கதைப் பிரதி என்று ஒன்று எழுதப்படவேயில்லை. காட்சிகளைச் சித்திரமாகத் தீட்டி வைத்திருந்த ஏடே அதற்கு ஆதாரம். விளம்பரக் கட்டங்களை வரைந்து வரைந்து பழகிய கைக்குக் காமிராவின் கட்டத்தை வரைவது அந்நியமாக இருந்திருக்க நியாயமில்லை. உத்தியோகத்தை விடாமல், ஓய்வு நாட்களில் படப்பிடிப்பு நடத்தி, பணமின்றிப் பல மாதம் நின்றுபோய், முடிவில் மேற்கு வங்காள அரசாங்கத்தின் உதவியோடு படம் நிறைவேறியது எல்லாரும் அறிந்த கதை. அதை இங்கே விரிக்கவில்லை.

எல்லாரும் அறியாதது அந்தப் படத்தின் விளம்பரக் கதை. கல்கத்தாவில் அது முதன்முதலாகக் காட்டப்பட்டது விளம்பரத் தொழிலைச் சார்ந்தவர்களின் கூட்டத்திலேதான். கல்கத்தா விளம்பரக் கழகத்தின் ஆண்டுக் கூட்டத்தில், தம் தொழிலைச் சேர்ந்தவர்களின் முன்னிலையில் அதைத் திரையிட்ட ராய், அவர்களுடைய உற்சாகமற்ற வரவேற்பைக் கண்டு மனம் சோர்ந்தார். ஆனாலும் அந்தத் தொழில் கற்றுக்கொடுத்ததை அவர் கைவிடவில்லை. படத்துக்கான பெரிய விளம்பரப் பலகைகளைத் தாமே வடிவமைத்தார். அவற்றுள் ஒன்று, கதையின் குழந்தைகளான அப்புவும் துர்க்காவும் ஓடுவதுபோல் விட்டுவிட்டு எரியும் நியான் விளக்குகளால் ஆனது. நகரத்தின் சந்தடி மிகுந்த இடங்களில் அவை வைக்கப்பட்டன. நட்சத்திரமில்லை, நடனமில்லை, பேர்பெற்ற இயக்குநருமில்லை. இத்தனை ‘இல்லை’களையும் சுமந்த ஒரு படத்தை ஜனங்களிடம் கொண்டு சேர்க்க, தெருவில் போகிறவனை ஒரு கணம் நிறுத்தவேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். 1955 ஆகஸ்டு 26ஆம் தேதி படம் வெளியாயிற்று. ஆரம்பத்தில் கூட்டம் குறைவாக இருந்து, பார்த்தவர்கள் சொல்லச் சொல்லப் பெருகியது. அடுத்த ஆண்டில் கீமர் உத்தியோகத்தை விட்டு அவர் முழுநேரத் திரைப்படக்காரரானார்.

உத்தியோகத்தை விட்டாரேயொழிய, அது கற்பித்த வேலையை விடவில்லை. தம் படங்களுக்குச் சுவரொட்டிகளும் தலைப்பு எழுத்துகளும் உடை, அரங்கம் ஆகியவற்றின் சித்திரங்களும் பெரும்பாலும் அவரே வரைந்தார். பாட்டனார் தொடங்கிய ‘சந்தேஷ்’ பத்திரிகையை 1961இல் மீண்டும் உயிர்ப்பித்து, அதற்கு அட்டைகளும் படங்களும் கதைகளும் கொடுத்தார். ‘ஏக்ஷண்’ என்ற இலக்கியப் பத்திரிகையின் அட்டைகளில், அதன் பெயரிலுள்ள மூன்று வங்க எழுத்துகளை மட்டுமே மூலப்பொருளாகக் கொண்டு, இதழுக்கு இதழ் புதிய புதிய வடிவங்களை அவர் அமைத்துக் காட்டினார். மூன்றே எழுத்துகளுக்குள் இவ்வளவு ரூபங்கள் ஒளிந்திருக்கமுடியுமா என்று வியக்க வைக்கும் அந்த வரிசையை, தமிழில் எழுத்து வடிவமைப்பில் ஈடுபடும் ஒவ்வொருவரும் தேடிப் பார்க்கவேண்டும் என்பது என் விண்ணப்பம். ரோமன் லிபிக்கும் அவர் எழுத்துருக்களை உருவாக்கினார். ‘ராய் ரோமன்’, ‘ராய் பிஸார்’ என்ற இரண்டும் 1971இல் ஒரு சர்வதேசப் போட்டியில் பரிசு பெற்றன. தமிழில் 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழின்பம்’ தொடங்கி நம் எழுத்தாளர்கள் பலர் பெற்றிருக்கும் சாகித்ய அக்காதெமிப் பரிசின் பட்டயத்தை வடிவமைத்தவரும் அவரே.

‘அவர் மேதை, மேதைக்கு எந்த மேஜையும் பள்ளிக்கூடமாகும், மற்றவர்களுக்கு என்ன?’ என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆண்டுக்கணக்கில் விளம்பரம் வரைந்தும் ஒன்றும் கற்காமல் ஓய்வு பெற்றவர்கள் எந்த ஊரிலும் உண்டு. வேலை தானாகக் கற்பிப்பதில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ராயின் விஷயத்தில் மூன்று காரணங்கள் ஒன்றுகூடின. தாம் செய்தது அச்சாகி வெளிவந்து பிறர் கையில் என்ன ஆகிறது என்பதைக் கடைசி வரையில் தொடர்ந்து பார்க்கும் நிலையில் அவர் இருந்தார். தம்மைவிட நன்றாகச் செய்கிற ஒருவரின் பக்கத்தில் இருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக, குப்தாவைப்போல், வேலையைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்து இழுக்காமல் ஒதுங்கி நிற்கத் தெரிந்த ஒருவர் அவருக்குக் கிடைத்தார். இவற்றில் எதுவும் மேதாவிலாசத்தைச் சார்ந்ததன்று. அலுவலகத்தின் மனப்பான்மையைச் சார்ந்தது. எனவே குறை காணவேண்டிய இடம் பெரும்பாலும் கற்க முயலாத ஊழியர் அல்லர். நோட்டீஸைக் கேட்டு வாங்கிக்கொண்டு, அது என்னவாயிற்று என்பதையே அவருக்குக் காட்டாமல் விட்டுவிடுகிற ஏற்பாடுதான் என்பது என் முடிவு.

இன்றைய கணினியில் ஒரு குறையும் உண்டு. பென்சிலும் மையும் பிளாக்கும் இருந்த நாளில், தவறு செய்தால் செலவாகும் என்ற பயம் ஒவ்வொரு கோட்டையும் யோசித்துப் போட வைத்தது. இப்போது தயாராக இருக்கும் அச்சுமாதிரி ஒன்றைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றிவிட்டால் கால் மணி நேரத்தில் சுவரொட்டி ஆகிவிடுகிறது. சௌகரியம் பெரிது, அதை வேண்டாமென்று யாரும் சொல்லமுடியாது. ஆனால் இடத்தைப் பகிர்ந்து கொடுப்பதும், முக்கியத்துவத்தைத் தீர்மானிப்பதும், எழுத்தைத் தேர்வதும் ஆகிய மூன்று முடிவுகளையும் முன்பின் அறியாத வேறொருவர் எங்கோ இருந்து செய்துவிடுகிறார். மேலும் அந்த அச்சுமாதிரிகள் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களின் நீளத்தையும் ரோமன் எழுத்தின் உயரத்தையும் கணக்கிட்டு அமைந்தவை. அவற்றுள் கொம்பும் சுழியும் காலும் கொண்ட நம் எழுத்துகளைத் திணிக்கும்போது, வரிகள் நெருங்கி, சொற்கள் நடுவில் முறிந்து, பார்வைக்கு ஒருவித மூச்சுத் திணறல் உண்டாகிறது. தமிழ் எழுத்துக்கு வரிகளிடையே கூடுதல் இடைவெளி வேண்டும் என்பதையும், நீண்ட சொற்களுக்காகத் தலைப்பைச் சுருக்கியோ மாற்றியோ எழுதவேண்டும் என்பதையும், மென்பொருள் சொல்லித் தராது. வெற்றுத் தாளில் தொடங்கித் தாமே வரைந்து பார்ப்பவருக்குத்தான் அது தெரியவரும்.

ஆகவே, உங்கள் அலுவலகத்தில் விளம்பரமோ அறிவிப்போ தயாரிக்கும் பொறுப்பு உங்களிடம் வந்து சேர்ந்திருக்குமானால், கணினியைத் திறக்குமுன் ஒரு தாளில் சிறு கட்டங்கள் சிலவற்றை வரைந்து பாருங்கள். அச்சாகி அது ஒட்டப்பட்ட இடத்துக்கே சென்று, தெருவின் எதிர்ப்புறத்திலிருந்து அதைப் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். அச்சான பிரதியில் ஒன்றைத் தேதியிட்டு எடுத்து வையுங்கள். அலுவலகத் தலைவர்களாக இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அடுத்த முறை நோட்டீஸை அச்சுக்கு அனுப்பும்போது, அதைச் செய்தவரையும் அச்சகத்துக்கு அனுப்பிவையுங்கள், புரூஃப் முதலில் அவர் கைக்கு வரட்டும், அவர் பெயரும் அதன் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கட்டும்.